அறிவியல், பொறியியல் ஆசிரியர்களுக்கு: கற்றல் பற்றிய முதல் ஆய்வை எப்படித் தொடங்குவது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். முதல் பேட்டரியில் ‘அ’ என்ற பல்பு மட்டும். இரண்டாவது பேட்டரியில் ‘ஆ’, ‘இ’ இரண்டும் தொடரிணைப்பில். மூன்றாவதில் ‘ஈ’, ‘உ’ இரண்டும் பக்க இணைப்பில். பேட்டரிகளுக்கு உள்மின்தடை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எது பிரகாசமாக எரியும், எது மங்கலாக எரியும் என்று வரிசைப்படுத்துங்கள்.

விடை: அ, ஈ, உ மூன்றும் சமம். ஆ, இ இரண்டும் தங்களுக்குள் சமம், ஆனால் மற்ற மூன்றைவிட மங்கல். மின்சுற்று படித்த எவரும் இதைச் சொல்லிவிடுவார் என்றுதான் நமக்குத் தோன்றும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் இந்தக் கேள்வியைக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டு, 1992-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சரியாக வரிசைப்படுத்தியவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம்தான். வழக்கமான முறையில் பாடம் நடத்தி முடித்த பிறகும் அந்த எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. ‘ஆ’ பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், மிச்சம்தான் ‘இ’க்குப் போகும் என்று சிலர் நினைத்திருந்தார்கள். எதை இணைத்தாலும் பேட்டரி ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்று வேறு சிலர் நினைத்திருந்தார்கள்.

எத்தனை பேர் தவறு செய்தார்கள் என்பது பரீட்சை முடிவு. தவறு செய்தவர் மனதில் என்ன படம் இருந்தது, அது எங்கிருந்து வந்தது, எதைச் செய்தால் அது மாறுகிறது என்பது ஆய்வு. இந்தக் கட்டுரை, அறிவியலோ பொறியியலோ கற்பிக்கிற, கல்வி ஆய்வில் இதுவரை கை வைக்காத ஆசிரியர்களுக்கானது. உங்கள் துறையில் நீங்கள் முனைவர் பட்டம் வாங்கியவராக இருக்கலாம். இங்கே நீங்களும் புதியவர்தான். நானும் அப்படித்தான் வந்தேன்.

படி 1: ஒரு மாதம் குறிப்பெடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முறையில் தொடங்குகிறார்கள். ‘தலைகீழ் வகுப்பறை (பாடம் வீட்டில், பயிற்சி வகுப்பில்) செய்து பார்க்கப் போகிறேன்’, ‘விளையாட்டு வழியாக வெப்ப இயக்கவியல் சொல்லித்தரப் போகிறேன்’ என்பார்கள். நான் செய்ததும் அதேதான். பருவத்தின் இரண்டாம் பாதியில் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து நடத்தினேன். கடைசியில் ஒரு சர்வே கொடுத்து, ‘பிடித்திருந்தது’ என்று வந்த பதில்களைப் படம் போட்டு ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த கட்டுரையின் ஓரத்தில் மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: மாணவர்கள் எதைக் கற்றார்கள்? என்னிடம் பதில் இல்லை. என்ன கஷ்டத்தைத் தீர்க்க அந்தக் குழு வேலையைக் கொண்டுவந்தேன் என்றே நான் யோசித்திருக்கவில்லை.

ஆகவே முறையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு வகுப்பும் முடிந்தவுடன் ஐந்து நிமிடம் எழுதுங்கள். மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள்? என்ன வார்த்தை சொன்னார்கள்? அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள், உங்கள் திருத்தத்தை அல்ல. ‘விசை புரியவில்லை’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘பந்து மேலே போகும்போது எறிந்த விசை அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிறது என்கிறார்’ என்ற குறிப்பு தங்கம். விடைத்தாள் திருத்தும்போதும் இதே வேலைதான். ஒரே தவறு மூன்று பேரிடம் வந்தால் நோட்டில் ஏற்றுங்கள்.

மாத முடிவில் பக்கங்களைப் புரட்டினால் இரண்டு மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதில் உங்களை அதிகம் எரிச்சலூட்டுகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் அதோடுதான் குடித்தனம் என்பதால், எரிச்சலூட்டுவது நல்ல அறிகுறி.

படி 2: கஷ்டத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘குழு விவாதம் கற்றலை மேம்படுத்துமா?’ என்பது மிகப் பெரிய கேள்வி. எந்தக் கற்றல், யாருடையது, எதோடு ஒப்பிட்டு? இதையே இப்படிச் சுருக்கலாம்: ‘தொடரிணைப்பில் மின்னோட்டம் செலவாகிறது என்று நினைக்கும் முதலாண்டு மாணவர்கள், பல்பின் இருபுறமும் அம்மீட்டர் வைத்து முன்கூட்டியே கணித்துப் பிறகு அளந்து பார்த்தால், அந்த எண்ணத்தைக் கைவிடுகிறார்களா? ஆறு வாரம் கழித்தும் அப்படியே இருக்கிறார்களா?’ நீளமான வாக்கியம்தான். ஆனால் இதைப் படித்தவுடன் என்ன தேர்வு வேண்டும், யாரிடம், எப்போது என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. கேள்வியைப் படித்த சக ஆசிரியர் ‘இதை எப்படி அளப்பாய்?’ என்று கேட்க வேண்டியிருந்தால், இன்னும் சுருக்க வேண்டும் என்று அர்த்தம்.

படி 3: ஏற்கெனவே தெரிந்ததைப் படியுங்கள்

இதில்தான் பொறியியல்காரர்கள் வழுக்குவார்கள். கல்வி என்றால் சொந்த அனுபவம் போதும் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. முப்பது நாற்பது ஆண்டு வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. முழுவதையும் படிக்க முடியாது, சில மைல்கற்களாவது தெரிந்திருக்க வேண்டும்.

1992-இல் டேவிட் ஹெஸ்டனெஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹாமர் மூவரும் ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’ என்ற தேர்வை வெளியிட்டார்கள். நியூட்டன் விதிகளைப் பற்றிய பலவிடைக் கேள்விகள், கணக்கே கிடையாது. தவறான விடைகள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையில் நம்புகிற கருத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இந்த வகைத் தேர்வைத் தன் மாணவர்களிடம் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்வியை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா? அந்த அதிர்ச்சியிலிருந்துதான் வகுப்பில் கேள்வி போட்டு, தனியாக விடை சொல்லவைத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி விடை கேட்கிற அவருடைய முறை வளர்ந்தது.

1998-இல் ரிச்சர்ட் ஹேக், 62 இயற்பியல் பாடங்களில் 6,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் தொகுத்தார். வழக்கமான விரிவுரை வகுப்புகளில், மாணவர்கள் முன்னேற வாய்ப்பிருந்த அளவில் சராசரியாக 23 சதவீதம்தான் முன்னேறியிருந்தார்கள். மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் அது 48 சதவீதம். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரித் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், மாணவர்கள் ஏதாவது செய்துகொண்டிருந்த வகுப்புகளில் 21.8. இது மருந்துப் பரிசோதனையாக இருந்திருந்தால், பலன் தெளிவாகிவிட்டது என்று பாதியிலேயே நிறுத்தியிருப்பார்கள் என்ற பொருளில் எழுதினார்கள்.

இதனால் உங்களுக்கு என்ன? ‘விரிவுரையைவிடச் செயல்வழிக் கற்றல் சிறந்ததா?’ என்று இன்று ஆய்வு செய்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த வழக்கு முடிந்துவிட்டது. எந்தச் செயல், எந்தக் கருத்துக்கு, எந்த மாணவருக்கு, ஏன் என்பவைதான் இன்னும் திறந்திருக்கும் கேள்விகள்.

எங்கே தேடுவது? இயற்பியலுக்கு ‘பிசிக்கல் ரிவியூ பிசிக்ஸ் எஜுகேஷன் ரிசர்ச்’ (2005-இல் வேறு பெயரில் தொடங்கியது), உயிரியலுக்கு ‘சிபிஇ லைஃப் சயின்சஸ் எஜுகேஷன்’, வேதியியலுக்கு ‘கெமிஸ்ட்ரி எஜுகேஷன் ரிசர்ச் அண்ட் பிராக்டிஸ்’. மூன்றையும் காசில்லாமல் படிக்கலாம். பொறியியலுக்கு ‘ஜர்னல் ஆஃப் இன்ஜினியரிங் எஜுகேஷன்’, ‘யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் இன்ஜினியரிங் எஜுகேஷன்’. ‘எரிக்’ என்ற கல்வி ஆய்வுத் தரவுத்தளமும் இலவசம். உங்கள் கருத்தின் பெயரோடு ‘மாணவர் தவறான கருத்துகள்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் ஜாக்கிரதை. ‘படித்ததில் 10 சதவீதம் நினைவிருக்கும், செய்ததில் 90 சதவீதம் நினைவிருக்கும்’ என்று ஒரு கூம்புப் படம் எல்லாப் பயிற்சி முகாமிலும் வரும். எட்கர் டேல் 1946-இல் வரைந்த கூம்பில் சதவீதங்களே கிடையாது. அவை பிறகு யாரோ ஒட்டியவை. அதேபோல், பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் நன்மை உண்டு என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் மற்றவர்களும் 2008-லேயே காட்டிவிட்டார்கள். இவற்றை அடித்தளமாக வைத்து ஆய்வு எழுதினால் முதல் பக்கத்திலேயே கட்டுரை திரும்பி வரும்.

படி 4: எதை வைத்து அளக்கப் போகிறீர்கள்?

உங்கள் கருத்துக்கு ஏற்கெனவே ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’ போன்ற ஒரு கருத்துத் தேர்வு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நிலையியல், சமிக்ஞைகள், மின்காந்தம், வேதியியல் என்று பல பாடங்களுக்கு இருக்கின்றன. அவற்றை உருவாக்கியவர்கள் நேர்காணல், முன்னோட்டம், திருத்தம் என்று வருடக்கணக்கில் உழைத்திருப்பார்கள். ஒரு சனிக்கிழமை மாலையில் நாம் எழுதும் பத்துக் கேள்விகள் அதற்கு ஈடாகாது. அந்தத் தேர்வுகளை இணையத்தில் போடக்கூடாது, மாணவர் கையில் தாள் தங்கக்கூடாது. ஒருமுறை வெளியே போய்விட்டால் எல்லோருக்கும் பயனற்றதாகிவிடும்.

தேர்வே இல்லை என்றால் நீங்கள்தான் செய்ய வேண்டும். திறந்த கேள்வியில் தொடங்குங்கள்: ‘எது பிரகாசமாக எரியும்? ஏன் என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.’ பதில்களைக் குவித்து, அடிக்கடி வருகிற காரணங்களைப் பொறுக்கி, அவற்றையே மாணவர் மொழியில் தவறான விடைகளாக வையுங்கள். பிறகு ஆறேழு மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, சத்தமாக யோசித்தபடி தேர்வை எழுதச் சொல்லுங்கள். சரியான விடையைத் தவறான காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் கேள்வியில் கோளாறு. நன்றாகத் தெரிந்தவர் சொல் புரியாமல் தடுமாறுகிறார் என்றாலும் கோளாறுதான்.

இந்த நேர்காணல் ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான கலை. தவறைக் கேட்டதும் திருத்த வாய் துடிக்கும். திருத்தக்கூடாது. தலையசைப்பதும் ஆபத்துதான், மாணவர் உங்கள் முகத்தைப் படித்துக்கொண்டே பேசுவார். ‘சரி, மேலே சொல்லுங்கள்’, ‘அப்படி நினைக்க எது காரணம்?’ இந்த இரண்டும் போதும். சரியான விடை சொன்னவரிடமும் இதையேதான் கேட்க வேண்டும்.

ஆசை காட்டினாலும் ஒதுக்க வேண்டிய அளவுகோல் ஒன்று உண்டு: மாணவர் திருப்தி. ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்த மாணவர்கள் தேர்வில் அதிகம் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் நிறையக் கற்றோம் என்ற உணர்வு விரிவுரை கேட்டவர்களுக்குத்தான் அதிகம் இருந்தது. தெளிவான விரிவுரை வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. தானே போராடிக் கற்பது கஷ்டமாக இருப்பதால், கற்கவில்லை என்று தோன்றுகிறது. ஆகவே திருப்தியைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்றலுக்குப் பதிலாக அதைக் காட்டாதீர்கள்.

படி 5: ஒப்பீடு

ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு மாறியை மாற்றிப் பழகியவர்களுக்கு வகுப்பறை பைத்தியம் பிடிக்கவைக்கும். மாணவர்களைக் குலுக்கிப்போட்டுப் பிரிக்க முடியாது. காலை வகுப்பும் மாலை வகுப்பும் ஒன்றல்ல. அதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

2011-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வைப் பாருங்கள். டெலோரியே, எலன் ஷெலியூ, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் மூவரும், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இரண்டு பெரிய வகுப்புகளில் ஒரே ஒரு வாரப் பாடத்தை மட்டும் மாற்றினார்கள். ஒரு வகுப்பில், மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய அனுபவசாலிப் பேராசிரியர் விரிவுரை. மற்றதில், அனுபவம் குறைந்த, ஆனால் மாணவர்களை ஈடுபடுத்திக் கற்பிக்கும் முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியர். பிறகு நடந்த சின்னத் தேர்வில் விரிவுரை வகுப்பின் சராசரி 41 சதவீதம், மற்றதன் சராசரி 74. அந்த வாரத்துக்கு முன்புவரை இரு வகுப்புகளும் தேர்வுகளிலும் வருகையிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன என்பதைக் காட்டியதுதான் இதன் பலம். ஒரே வாரம் என்பது இதன் பலவீனம். அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம், புதுமையின் கவர்ச்சி எவ்வளவு என்றும் கேட்கலாம். இப்படிப் பலத்தையும் ஓட்டையையும் சேர்த்தே படித்துப் பழகுங்கள். நாளை உங்கள் கட்டுரையையும் யாரோ அப்படித்தான் படிப்பார்.

எனக்கு மிகப் பிடித்த வடிவமைப்பு மிச்செல் ஸ்மித்தும் குழுவினரும் 2009-இல் வெளியிட்டது. வகுப்பில் மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேசிய பிறகு சரியான விடைகள் கூடுகின்றன. இது எல்லோரும் கண்டதுதான். ஆனால் அது கற்றலா? நன்றாகப் படிக்கிறவர் சொன்னதை மற்றவர்கள் அப்படியே விடையாகக் கொடுத்தார்களா? இதைப் பிரித்தறிய அவர்கள் பெரிய கருவி எதையும் தேடவில்லை. விவாதம் முடிந்ததும் விடையைச் சொல்லாமல், அதே கருத்தில் வேறு தோற்றத்தில் இரண்டாவது கேள்வியைப் போட்டு, தனியாக விடை சொல்லச் சொன்னார்கள். முன்னேற்றம் நிலைத்தது. கடினமான கேள்விகளில், குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான விடை தெரியாதபோதும் விவாதம் உதவியிருக்கிறது என்று அவர்களுடைய கணக்கு காட்டியது. கூடுதலாக ஒரே ஒரு கேள்வி. எந்த வகுப்பிலும் செய்யக்கூடியது.

இரண்டு வகுப்புகள் கிடைக்காதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. சென்ற ஆண்டு மாணவர்களின் அதே தேர்வு முடிவோடு ஒப்பிடலாம். ஒரே வகுப்பில் பாதிக் கருத்துகளைப் பழைய முறையிலும் பாதியைப் புதிய முறையிலும் நடத்தி, அடுத்த பருவத்தில் மாற்றிப் போடலாம். முன்தேர்வு, பின்தேர்வு மட்டும் வைத்து ஒப்பீடே இல்லாமல் விடுவதுதான் மோசம். ஒரு பருவம் முழுக்கப் படித்தவர் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக எழுதத்தானே செய்வார்!

முன்தேர்வையும் பின்தேர்வையும் ஒரே சூழலில் வையுங்கள். ஒருமுறை முன்தேர்வை மதிப்பெண் இல்லாமலும் பின்தேர்வை மதிப்பெண்ணோடும் வைத்துவிட்டு, பிரமாதமான முன்னேற்றம் என்று இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். முன்தேர்வில் பாதிப் பேர் கேள்வியையே படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

படி 6: அனுமதி

தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள். பின்தேதியிட்டு அனுமதி தர மாட்டார்கள், அனுமதி இல்லாத தரவை ஆய்விதழ்கள் ஏற்க மாட்டா.

படிவத்தைத் தாண்டி யோசிக்க வேண்டியது ஒன்றுதான். மதிப்பெண் போடுகிறவரே ‘என் ஆய்வில் பங்கெடுப்பாயா?’ என்று கேட்டால், முடியாது என்று சொல்ல எந்த மாணவருக்குத் தைரியம் வரும்? ஆகவே ஒப்புதல் படிவத்தை வேறொருவர் வாங்கட்டும். யார் ஒப்புக்கொண்டார், யார் மறுத்தார் என்பது மதிப்பெண்கள் வெளியாகும்வரை உங்களுக்குத் தெரியவே கூடாது. பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். பெயர்–எண் பட்டியல் தனி இடத்தில், தனிக் கடவுச்சொல்லோடு இருக்கட்டும். புதிய முறை நல்லது என்று தெரியவந்தால், அது கிடைக்காத குழுவுக்குப் பருவம் முடிவதற்குள் அந்தப் பயிற்சித் தாள்களைக் கொடுத்துவிடுங்கள்.

படி 7: வகுப்பில் உண்மையில் என்ன நடந்தது?

‘குழு விவாதம் நடத்தினேன்’ என்று கட்டுரையில் எழுதுவோம். வீடியோவைப் பார்த்தால் ஐம்பது நிமிடத்தில் நாற்பது நாமே பேசியிருப்போம். 2013-இல் வெளியான ‘கோபஸ்’ என்ற கண்காணிப்பு முறை இதற்கு உதவும். சக ஆசிரியர் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பார். பாடம் நன்றாக இருந்ததா என்ற தீர்ப்பே அதில் கிடையாது. பழகிக்கொள்ள ஒன்றரை மணி நேரம் போதும். முதல் முறை முடிவைப் பார்க்கும்போது கொஞ்சம் வலிக்கும்.

படி 8: பகுத்துப் பார்ப்பது

முதலில் எண்கள். முன்தேர்வு, பின்தேர்வு இரண்டையும் எழுதியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் விலகியவர்களின் முன்தேர்வு மதிப்பெண்ணைச் சேர்த்தால் சராசரி ஏமாற்றும். எத்தனை பேர் விலகினார்கள் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.

ஹேக் பயன்படுத்திய முன்னேற்ற அளவை எளிதில் கணக்கிடலாம். முன்தேர்வுச் சராசரி 40 சதவீதம், பின்தேர்வு 70 என்றால், முன்னேற இடம் இருந்தது 60, முன்னேறியது 30. ஆக 0.5. இதன்மீது புள்ளியியல்ரீதியான விமர்சனங்கள் உண்டு. தொடக்கத்திலேயே அதிகம் தெரிந்தவர்களுக்கு இது சாதகமாக அமையலாம் என்பது அவற்றில் ஒன்று. அதனால் விளைவளவையும் சேர்த்துக் கொடுங்கள்: இரு குழுச் சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் வருவது. ஒரு வகுப்பு 68, மற்றது 62, திட்டவிலக்கம் 12 என்றால் விளைவளவு 0.5. பி-மதிப்பு (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமா என்று பார்க்க உதவும் எண்) மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மாணவர் எண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்தால் அற்ப வித்தியாசம்கூடப் புள்ளியியல் சோதனையில் தேறிவிடும். எக்செல் போதும்; பழக நேரமிருந்தால் ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம்.

எண்களைவிட எழுத்துப் பதில்களில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. அதைக் குறியிடுதல் என்பார்கள். பதில்களைப் படித்து, ஒவ்வொன்றும் எந்த வகை எண்ணத்தைக் காட்டுகிறது என்று குறி போடுவது. தனியாகச் செய்யாதீர்கள். ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு இருவர் தனித்தனியாகக் குறியிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும்.

மின்சுற்றுப் பதில்களை நானும் ஒரு சக ஆசிரியரும் குறியிட்டபோது, ‘இரண்டு பல்பு இருப்பதால் மின்னோட்டம் குறைந்துவிடும்’ என்ற வகைப் பதில்களுக்கெல்லாம் ‘மின்னோட்டம் செலவாகிறது’ என்று நான் குறி போட்டிருந்தேன். அவர் போடவில்லை. ‘இதில் செலவாகிறது என்று எங்கே இருக்கிறது? மொத்த மின்தடை கூடுவதால் சுற்று முழுக்கவே மின்னோட்டம் குறைகிறது என்று சரியாகவே சொல்லியிருக்கலாமே?’ என்றார். நியாயமான கேள்வி. இல்லாத தவறை மாணவர் தலையில் கட்டியிருக்கிறேன். எதிர்பார்த்துத் தேடினால் எங்கும் அதுவே தெரியும். அன்று மாலை முழுக்க உட்கார்ந்து குறிகளின் விளக்கத்தைத் திருத்தினோம்: ஒரு பல்பைக் கடந்த பிறகு குறைகிறது என்று சொன்னால் ஒரு குறி, சுற்று முழுக்கக் குறைகிறது என்றால் வேறு குறி, எது என்று தெரியாவிட்டால் ‘தெளிவில்லை’. அந்த மூன்றாவது குவியல் சங்கடமான அளவுக்குப் பெரிதாக இருந்தது.

இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைச் சதவீதமாக மட்டும் சொல்லாதீர்கள். ஒரு குறியை இருவருமே பத்துக்கு ஒன்பது பதில்களுக்குப் போட்டால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும். இந்தத் தற்செயலைக் கழித்துச் சொல்வதுதான் கோஹன் கப்பா என்ற அளவு. 0.7-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். குறைந்தால் குறிகளின் விளக்கத்தைச் சரிசெய்து, புதிய பதில்களை எடுத்து மீண்டும் தொடங்குங்கள்.

படி 9: எழுதுவது

முதல் ஆய்வை மாநாட்டுக்கு அனுப்புங்கள். நேரில் வருகிற கேள்விகள் ஆய்விதழ் மதிப்பீட்டைவிட வேகமாகக் கற்றுத்தரும். கட்டுரையில் வகுப்பைப் பற்றி விரிவாக எழுதுங்கள்: எத்தனை பேர், எந்த ஆண்டு, முன்பு என்ன படித்தவர்கள், வாரத்துக்கு எத்தனை மணி. வேறொருவர் இதைத் தன் வகுப்பில் செய்து பார்க்க வேண்டுமென்றால் பயிற்சித் தாள் வேண்டும். அதைப் பின்னிணைப்பாகக் கொடுங்கள். பலன் கிடைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். முன்தேர்வு நேர்மையாக இருந்து, ஒப்பீடு சரியாக இருந்து, அப்புறமும் மாற்றம் இல்லை என்றால் அதுவும் செய்திதான். ஒரே வகுப்பில் கண்டதை ‘பொறியியல் மாணவர்கள்’ என்று பொதுமைப்படுத்தும் ஆசை மட்டும் வேண்டாம்.

படி 10: அடுத்த பருவம்

அதே ஆய்வை மறுபடி செய்யுங்கள், முதல் முறை எது தெளிவாகவில்லையோ அதை மட்டும் மாற்றி. எங்கள் ‘தெளிவில்லை’ குவியலுக்காக ஒரு கேள்வி சேர்த்தோம்: ‘ஆ’ பல்புக்குள் நுழையும் மின்னோட்டமும் அதிலிருந்து வெளியேறும் மின்னோட்டமும் சமமா? ஆம் அல்லது இல்லை, ஒரு வரி காரணம். இந்தமுறை அந்தக் குவியல் வெகுவாகச் சுருங்கியது. செலவாகிறது என்று நினைத்தவர்கள் நாங்கள் எண்ணியதைவிடக் குறைவு. பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம் தரும் என்று நினைத்தவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு, பல்பின் இருபுறமும் அம்மீட்டர் வைக்கிற எங்கள் பயிற்சி எதையுமே மாற்றாது. இருபுறமும் சமம் என்று அவர்கள் ஏற்கெனவே சரியாகத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது, பேட்டரிக்குப் பக்கத்தில் அம்மீட்டரை வைத்துவிட்டு, ஒவ்வொரு பல்பாகச் சேர்த்துக்கொண்டே போகிற வேறொரு பயிற்சி. நோட்டில் புதிய பக்கம் திருப்பி அதை எழுதிக்கொண்டோம்.